வயல் ஈடும் வெளிநாட்டுப் பங்கும்

கையில் கொஞ்சம் காசு மிஞ்சியவர்கள் என்னிடம் வந்தால், நான் முதலில் தேநீர்தான் கொடுப்பேன். சீனி இல்லாத நாட்களில் பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். காசைப் பற்றிக் கதைக்க வருகிறவருக்கு வாய் காய்ந்திருக்கும். அவரை அவசரப்படுத்தக் கூடாது.

நடந்ததை என் கையால் எழுதித் தரும்படி கேட்டீர்கள், ஐயா. இணக்கசபை விசாரணையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டதால் நான் சரியாகச் சொல்லவில்லை. எழுதுவது நல்லதுதான். கோபப்படுகிறவர்களுக்கும் எழுத்து ஒரே சத்தத்தில்தான் கேட்கும்.

என் பெயர் பரமேஸ்வரன். கிளிநொச்சியில் ஒரு வங்கியில், காணியை ஈடு வைத்துக் கடன் கொடுக்கும் பகுதியில் வேலை பார்த்தவன். சண்டையால் அந்தக் கிளை மூடப்பட்டது. ஆனால் என்னிடம் யோசனை கேட்டவர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. வங்கிப் படலை பூட்டியிருந்ததால் என் வீட்டுப் படலையைத் திறந்தார்கள். அப்படித்தான் தொண்ணூற்றிநான்கில் நான் இரண்டு கூட்டு முதல்களைத் தொடங்கினேன். ஒன்றுக்கு வயல் ஈடு என்று பெயர். மற்றது வெளிநாட்டுப் பங்கு.

இரண்டையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது ஏதோ பணத்தாசையில் செய்ததுபோலத் தெரியும்.

வயல் ஈட்டில், பலருடைய காசைச் சேர்த்து, வயல்காரருக்குக் கடனாகக் கொடுப்பேன். காணி உறுதிப் பத்திரம் என்னிடம் இருக்கும். நெல் அறுத்ததும் வட்டி வரும். பெரிய இலாபம் இல்லை. ஆனால் போகத்துக்குப் போகம் வரும். ஒரே குறை, வயல்காரருக்கு நல்ல விளைச்சல் வந்துவிட்டால் கடனை முன்கூட்டியே கட்டி உறுதியை மீட்டுக்கொண்டு போய்விடுவார். காசு திரும்பி வந்து சும்மா கிடக்கும். நல்லவர்களால் வரும் நட்டம் அது.

வெளிநாட்டுப் பங்கில், பலருடைய காசைச் சேர்த்து இளம்பெடியன்களை வெளியே அனுப்புவோம். ஏஜென்சிக்காரன், விமானம், இடையில் தங்கும் நாடு எல்லாவற்றுக்கும் அந்தக் காசுதான். பெடியன் போய்ச் சேர்ந்து வேலை எடுத்தால் முதலைத் திருப்பித் தருவான். அதற்குப் பிறகும் சில வருடங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை அனுப்புவான். ஒரே நாட்டுக்கு எல்லோரையும் அனுப்பக் கூடாது. ஒருவன் சுவிஸ், ஒருவன் கனடா, ஒருவன் இலண்டன். ஒரு கதவு மூடினாலும் இன்னொன்று திறந்திருக்கும். ரூபாய் விழ விழ பிராங் ஏறும். வயல் தருவதைப்போலப் பல மடங்கு தரும். ஆனால் பெடியன் பாதி வழியில் பிடிபடலாம். திருப்பி அனுப்பப்படலாம். எல்லாவற்றிலும் மோசமானது, அவன் போய்ச் சேர்ந்து, நன்றாக உழைத்து, எங்களை மறந்துபோகலாம்.

பயமில்லாமல் உறங்க விரும்புகிறவர்களுக்கு வயல் ஈடு. காத்திருக்க வயதும் மனமும் உள்ளவர்களுக்கு வெளிநாட்டுப் பங்கு. எல்லோருக்கும் இதைத்தான் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இராசேஸ்வரி அக்காவை அந்த நாட்களில்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுத் தண்ணீரை நம்பிக் குடியேறிய குடும்பம். புருஷன் இறந்துவிட்டார். பரந்தன் பக்கம் வயல் இருந்தது. நிருஷன் ஒரே பிள்ளை. அவனை அனுப்புவதற்கு வெளிநாட்டுப் பங்கிலிருந்து பாதிக் காசு போட்டோம். மீதிக்கு அக்கா தன் வயலையே ஈடு வைத்தார். உறுதியை என் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இனி என்னட்டை இருக்கிறது நான் மட்டுந்தான்" என்றார்.

நான் அதைப் பகிடியாகத்தான் எடுத்தேன்.

சமாதானப் பேச்சு நடந்த சில மாதங்களில் நிருஷன் வெளியேறினான். அடுத்த வருடம் சுவிஸில் இறங்கிவிட்டான். ஒரு உணவுக்கடையில் கோப்பை கழுவும் வேலை. ஒழுங்கான பெடியன். வவுனியாவில், வெளிநாட்டுக் காசை வங்கி இல்லாமல் மாற்றித் தரும் ஓர் உண்டியல்காரர் மூலம் மாதாமாதம் காசு வரத் தொடங்கியது.

அந்த வருடம் ஆடியில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து கலிஸ்ரா வந்தாள். வேதக்காரக் குடும்பம். புருஷன் ஸ்ரனிஸ்லஸ் கடலோடி. படகு இயந்திரத்தை விற்ற காசை இடுப்பில் கட்டிக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு, என் முன்னால் கதிரையில் இருந்தாள்.

"அவர் சுவிஸ் பங்குதான் நல்லம் எண்டுறார். எனக்குப் பயமாக் கிடக்கு, அண்ணை. எது போகாது, அதைச் சொல்லுங்கோ."

"இவ்வளவு காலமும் கடலை நம்பினீங்கள். இனி நிலத்தை நம்புங்கோ. நிலம் எழும்பி ஓடாது" என்றேன்.

அவளும் வயல் ஈட்டில் போட்டாள். ஆனையிறவுப் பக்கம் ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது எனக்கும் கேட்டது. ஆனால் காசு போட வந்தவரிடம் சத்தத்தைக் காட்டிக் கதைப்பது அழகல்ல.

புரட்டாதியில் கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. நாங்கள் எல்லோரும் ஸ்கந்தபுரத்துக்கும் அக்கராயனுக்கும் ஓடினோம். என்னிடமிருந்த உறுதிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அவை காட்டிய வயல்கள்தான் இராணுவக் காவலரணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. நிலம் எழும்பி ஓடவில்லை. நாங்கள்தான் ஓடினோம். என் பேச்சில் அந்த ஓர் இடத்தில் மட்டும் பிழை இருந்தது.

வயல் ஈட்டில் போட்டவர்கள் பெரும்பாலும் கலிஸ்ராவைப் போன்றவர்கள். வட்டிதான் அவர்களுக்குச் சோறு. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டுப் பங்கில் வந்த காசை எடுத்து வயல் ஈட்டுக்காரருக்கு வட்டியாகக் கொடுத்தேன். கனடா போனவன் மறந்துவிட்டான். இலண்டனுக்குப் புறப்பட்டவன் இடையில் ஒரு நாட்டில் சிறையில் இருந்தான். மிஞ்சியது நிருஷன் மட்டும். அக்கராயனில் தறப்பாள் கொட்டில்களில் இருந்த அத்தனை குடும்பமும் சுவிஸில் ஒரு பெடியன் கோப்பை கழுவுவதால் உண்டது. அது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உறக்கம் போயிருக்கும்.

இராசேஸ்வரி அக்காவின் கொட்டிலும் கலிஸ்ராவின் கொட்டிலும் ஒரே வேலிக்குள் இருந்தன. சீதனமாகக் கிடைத்த எங்கள் வீடும் காணியும் ஒழுங்கையின் மறுபக்கம். கலிஸ்ராவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. டினோஜன் என்று பெயர். ஸ்ரனிஸ்லஸ் கடற்கரையில் வாடி போட்டு அங்கேயே தொழில் செய்ததால், பிள்ளை பாதி நேரம் அக்காவின் மடியில்தான் கிடந்தது. எனக்கும் என் மனைவி விமலேஸ்வரிக்கும் பிள்ளைகள் இல்லை. ஆகவே பிள்ளைகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

தொண்ணூற்றியேழில் ஒருநாள் நான் காசு எடுக்க வவுனியாவுக்குப் போயிருந்தேன். தொலைபேசிக் கடையிலிருந்து நிருஷனுடன் கதைத்தபோது அவன் ஒரு விஷயம் கேட்டான். அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிவர வேண்டும், அறை எடுத்து வைத்திருக்கிறான், பிறகு சுவிஸுக்கே எடுத்துவிடுவான்.

"மாமா, பிணை மட்டும் நீங்கள் நிண்டால் காணும்" என்றான்.

வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று இன்னொருவர் பிணை நிற்க வேண்டும். வராவிட்டால் பிணை நின்றவரின் சொத்து போகும். சொத்து இல்லாதவர் பிணை நிற்க முடியாது. கலிஸ்ராவிடம் தறப்பாள்தான் இருந்தது. அக்காவின் சொந்தங்கள் யாழ்ப்பாணத்தில். அக்கராயனில் வீடும் காணியும் உள்ள ஆளாக அவருக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வவுனியா போய்வரும்போதெல்லாம் எனக்குப் பிணை என் மனைவி. நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அன்று திரும்பிவரும் வழியில், பூவரசங்குளத்தில் லொறிக்குக் காத்திருந்தபோது, வங்கியில் இத்தனை வருடம் இருந்தும் விளங்காத ஒன்று எனக்கு விளங்கியது.

ஈட்டுக்கு வட்டி தருவது காணி அல்ல, ஐயா. காணியை மீட்க வேண்டும் என்ற ஆசைதான் தருகிறது. உறுதி என்னிடம் இருக்கும்வரை வயல்காரர் என்னை மறக்கமாட்டார். வெளிநாட்டுப் பங்கில் இல்லாதது அது ஒன்றுதான். கனடாக்காரன் மறந்தது ஏன்? போன வருடமே அவன் தாயும் தகப்பனும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மீட்பதற்கு இங்கே அவனுக்கு எதுவும் இருக்கவில்லை.

நிருஷனுக்கு இருந்தது.

பங்கின் வருமானமும் ஈட்டின் பாதுகாப்பும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு முதலீடு உலகத்தில் எங்காவது இருக்கிறதோ தெரியாது. என்னிடம் அக்கராயனில் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது.

பாஸ் மறுத்துவிட்டார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "நீ என்ன செய்வாய் தம்பி, அலைஞ்சதுதான் மிச்சம்" என்று பிளேன்ரீ தந்தார். நிருஷன்தான் கரைச்சல் பட்டான். அம்மாவின் குரலாவது வேண்டும் என்றான். வெற்றுக் கசற்றுகளும் சின்னதாய் ஒரு ஒலிப்பதிவுப் பெட்டியும் வாங்கி அனுப்பினான்.

அந்த நாட்களில் இராணுவம் பற்றரியை வன்னிக்குள் வர விடாது. உங்களுக்குத் தெரியும்தானே. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் வானொலி கேட்போம். அதே முறையில் அக்காவின் குரலைப் பதிந்தோம். நான் சுற்றுவேன். அவர் பாயில் இருந்து கதைப்பார். என் கை தளர்ந்தால் பதிவு கெட்டுவிடும். ஒரே வேகத்தில் சுற்றப் பழகிக்கொண்டேன். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்த வேண்டும்.

இரண்டு கசற்றுகள் அப்படிப் போயின. சோதனைச் சாவடியில் கசற்றைப் போட்டுக் கேட்பார்கள். சாப்பிட்டாயோ, குளிருக்குக் காது மூடுகிறாயோ என்று ஒரு தாய் கேட்பதைக் கேட்டுவிட்டுத் தந்துவிடுவார்கள். நிருஷன் அவற்றைப் போட்டுப் போட்டுக் கேட்டானாம். பாஸைப் பற்றிக் கேட்பது குறைந்தது. காசு கூடியது.

மாரி தொடங்க முன் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது. மலேரியா. உடம்பு உருகிவிட்டது. நான் யோசித்தேன். ஒரு வயல்காரன் முதல் மழைக்கு முன்னால் விதைநெல் எடுத்து வைக்கிறான், அதை யாரும் குறை சொல்வதில்லை. மழை வந்தால் வவுனியாப் பாதை கெட்டுவிடும், ஆகவே முன்கூட்டியே கொஞ்சம் பதிந்து வைப்போம் என்று அக்காவிடம் சொன்னேன். மழை, வெயில், அறுவடை, கோயில் திருவிழா ஒன்றும் சொல்லக் கூடாது, சோதனையில் சந்தேகப்படுவார்கள் என்றும் சொன்னேன். அது பாதி உண்மை.

"அப்ப என்னத்தைத்தான் கதைக்கிறது?"

"பொதுவாக் கதையுங்கோ, அக்கா. சுகமா இருக்கிறன், யோசியாதை எண்டு. பிறகு, கலியாணம் எண்டு வந்தா ஒரு வாழ்த்து."

"அவனுக்குக் கலியாணம் பேசியாச்சோ?"

"இல்லை. எப்பவாவது நடக்குந்தானே."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரரின் கண் அப்படித்தான் இருக்கும். பிறகு கலிஸ்ராவின் கொட்டில் பக்கம் திரும்பி, "கலிஸ்ரா, பிள்ளையை ஒருக்காத் தா" என்றார். டினோஜனை மடியில் வைத்துக்கொண்டுதான் வாழ்த்தைச் சொன்னார். நீயும் உன்ரை பெஞ்சாதியும் நல்லா இருக்கோணும், என்ரை ஆசீர்வாதம் எப்பவும் இருக்கும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை அழுதது. "அழாதையடா டினோ, கலிஸ்ரா வந்திடுவா" என்று தட்டினார். நான் நிறுத்தவில்லை. வீட்டில் பிள்ளை அழுவது இயல்பாகத்தானே இருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவுக்கும் அக்கா பிள்ளையைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றிலும் அது அழுதது. ஒவ்வொன்றிலும் அவர் பெயர் சொல்லித் தேற்றினார். ஒரு பிஸ்கற் பெட்டி நிரம்பும்வரை பதிந்தோம். ஒருநாள் பதிவு முடிந்து நான் சைக்கிளை நிமிர்த்தும்போது, பிள்ளையின் காலை நீவிவிட்டபடி சொன்னார்.

"பிள்ளையள் எவ்வளவு கெதியா வளர்ந்திடுதுகள், என்ன தம்பி?"

நான் ஓம் என்றேன்.

தை மாதம் அக்கா இறந்தார். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். கொள்ளி வைக்க மகன் இல்லை. நான் வைத்தேன். தலை மழித்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் மச்ச மாமிசம் தொடவில்லை. சொந்தத் தமக்கைக்குக்கூட ஒருவர் இவ்வளவு செய்திருக்கமாட்டார். நிருஷனுக்கு அறிவித்தாயிற்றோ என்று கலிஸ்ரா கேட்டாள். அறிவித்தேன், அந்தியேட்டிச் செலவுக்கு அவன்தான் அனுப்பினான் என்றேன். அந்த மாதமும் அவன் காசு வந்தது. ஆகவே இரண்டாவது பாதி உண்மை.

பிறகு பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பினேன். அனுப்புமுன் போட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் நான்தான் சுற்ற வேண்டும். என் கையின் வேகத்தில் அக்கா பேசுவார். கை தளர்ந்தால் அவருடைய குரல் தடித்து, இழுபட்டு, நோயாளி முனகுவதுபோல் வரும். நிறுத்தினால் சொல்லின் நடுவிலே நிற்பார். மறுபடி சுற்றினால் நின்ற இடத்திலிருந்து தொடர்வார். ஒருதடவை "தம்பி" என்ற சொல்லில் நிறுத்திவிட்டேன். தொடர எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, சுற்றியது போதுமோ என்று கேட்ட இடம். அவ்வளவுதான்.

இப்போது நான் சைக்கிளில் டைனமோ பூட்டுவதில்லை. பொழுதுபட முன் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒழுங்கையால் வேறு யாராவது விளக்குப் போட்டுக்கொண்டு போனால், அந்த உரசல் தூரத்தில் கேட்கும்போதே அடுத்தது யார் பேசப்போகிறார் என்று எனக்குத் தெரியும். பேசுவதில்லை. ஆனால் சைக்கிள் வளைவு தாண்டும்வரை நான் என் வலது கையை மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டிருப்பேன். விமலேஸ்வரி கேட்டாள், கை ஏன் சுற்றுகிறது என்று. வாதம் என்றேன்.

அந்த வருடம் ஆவணியில் நிருஷன் கலியாணம் செய்தான். தாய் இறந்து ஆட்டைத் திவசம் முடியவில்லை. அந்த ஒரு வருடத்துக்குள் நல்ல காரியம் செய்யக் கூடாது என்பது எங்களிடம் பெரிய கட்டுப்பாடு. அவனுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். நான் வாழ்த்துக் கசற்றை அனுப்பினேன். மண்டபத்தில் ஒலிபெருக்கியில் போட்டார்களாம். எல்லோரும் எழுந்து நின்று கேட்டார்களாம். மணப்பெண் அழுதுவிட்டாளாம். போனில் இதைச் சொல்லும்போது அவனும் அழுதான். அந்த மாதம் இரண்டு மடங்கு காசு வந்தது. கலிஸ்ராவுக்கு வட்டியோடு பிள்ளைக்குப் பால்மாவும் வாங்கிக் கொடுத்தேன். டினோஜன் ஓடித் திரியத் தொடங்கியிருந்தான்.

நீங்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஐயா. வயல் ஈட்டில் போட்ட ஒரு குடும்பமும் பட்டினி கிடக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. எங்கே பிழைவிட்டேன் என்று இப்போது தெரியும். மழையை எடுத்தேன். அறுவடையை எடுத்தேன். திருவிழாவை எடுத்தேன். காலம் தெரியும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிள்ளை உள்ள எந்த மனிதனும் இப்படித் தவறியிருக்கமாட்டான்.

போன வருடக் கடைசியில் வவுனியாவிலிருந்து வழக்கம்போல அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நிருஷனின் மனைவிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. வாழ்த்துச் சொன்னேன். பின்னால் அந்தக் குழந்தை அழுவது கேட்டது. அவன் அதைத் தட்டித் தேற்றினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மாமா, அம்மான்ரை மடியிலை கிடக்கிற டினோ எண்ட பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?"

"சின்னப் பிள்ளை தம்பி."

"எனக்குப் பிள்ளை பிறந்து நாலு மாசம். போன மாசம் அழுத மாதிரி இந்த மாசம் அழுகிறானில்லை. நேற்று அம்மான்ரை கசற் எல்லாத்தையும் எடுத்து வரிசையாப் போட்டுக் கேட்டன்." குழந்தையின் அழுகை ஓய்ந்திருந்தது. "மூண்டு வருசமா அந்தப் பிள்ளை ஒரே அழுகை அழுகுது, மாமா. அது வளரேல்லையோ?"

கலிஸ்ராவின் இரண்டாவது பிள்ளை என்று சொன்னேன். இரண்டு பிள்ளைக்கும் ஒரே பெயரா என்று அவன் கேட்கவில்லை. சரி மாமா என்று வைத்துவிட்டான். எவ்வளவு மரியாதையான பெடியன் என்று அப்போதும் நினைத்தேன்.

அடுத்த மாதம் காசு வரவில்லை. அதற்குப் பதிலாக, ஊருக்கு வந்த அவனுடைய கூட்டாளி ஒருவர் அக்கராயனுக்கு வந்து கலிஸ்ராவின் படலையைத் தட்டினார். டினோ என்ற குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றார். படலையைத் திறந்தவன் கையில் கிட்டிப்புள்ளு வைத்திருந்தான். "நான்தான்" என்றானாம். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

கலிஸ்ரா சபையில் என்னைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டாள். அதற்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

"அண்டைக்கு நீங்கள் போனனீங்களோ, இல்லையோ?"

அன்றைக்கு என்பது தை மாதம். அக்காவுக்குக் காய்ச்சல் தலைக்கேறி நினைவு தடுமாறியது. வைத்தியர் பார்த்துவிட்டு, இங்கே மருந்து இல்லை, உடனே வவுனியாவுக்குக் கொண்டுபோனால் தப்புவார் என்று எழுதித் தந்தார். நோயாளர் வாகனம் மறுநாள் காலை புறப்பட இருந்தது. கலிஸ்ரா பிள்ளையை என் மனைவியிடம் விட்டுவிட்டு உடன்போகத் தயாராக இருந்தாள். குறை ஒன்றுதான், பிணை. கையெழுத்து வைத்துவிட்டு வாறன் என்று நான் சைக்கிளில் புறப்பட்டேன்.

பாஸ் கொடுக்கும் கந்தோர் ஸ்கந்தபுரத்தில் இருந்தது. நான் அக்கராயன் குளத்துக்கட்டுக்குப் போனேன். தண்ணீர் திறந்துவிடும் துருசு வாயிலுக்குப் பக்கத்தில் ஒரு மருதமரம் இருக்கிறது. அதன் கீழே இருந்து நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போடுவதைப் பார்த்தேன். அக்கா வவுனியாவில் கண்விழித்தால் மகன் கொழும்புக்குக் கூப்பிடுவான். கொழும்பிலிருந்து சுவிஸுக்கு எடுப்பான். ஈட்டை மீட்டு முடித்தால் பிறகு வட்டி இல்லை. பிஸ்கற் பெட்டியில் இருந்த அக்கா எங்கேயும் போகமாட்டார். இப்படி அங்கே இருந்து கணக்குப் போட்டேன் என்று சொல்லமாட்டேன். பெட்டியை நிரப்பியபோதே அதைப் போட்டு முடித்திருந்தேன்.

நிழல் நீண்டபிறகு திரும்பி வந்து, மாட்டம் எண்டிட்டினம் என்றேன். கலிஸ்ரா நிலத்தில் இருந்துவிட்டாள். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையைத் தா என்று மட்டும் கேட்டார். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

இல்லை. நான் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, அதற்கு முந்திய இரண்டு தடவையும் போகவில்லை. அந்தக் கந்தோரில் இராசேஸ்வரி என்ற பெயரை யாரும் ஒருபோதும் மறுக்கவில்லை. ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. கலிஸ்ராவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இனி அவளுடைய முதலுக்கு நான் பொறுப்பில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள், அது சுவிஸிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல், அக்காவுக்கு எதுவும் தெரியாது என்பது. என்னை முழுக்க நம்பித்தான் போனார். பிள்ளையை மடியில் வைத்தது பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான். நிருஷன் வேறுமாதிரி நினைக்கிறான். அம்மா எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவா, எனக்குத்தான் விளங்க இவ்வளவு காலம் எடுத்தது என்று உங்களுக்கு எழுதியிருக்கிறானாம். துக்கத்தில் மனிதர் எதையும் நினைப்பார்கள்.

கடைசிக் கசற் பதிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளை அக்காவின் மடியில் நல்ல உறக்கம். நான் சுற்றிக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தபடியே, சுகமாக இருக்கிறேன் மகன் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளையின் துடையில் இரண்டு விரலால் கிள்ளினார். அது வீரிட்டு அழுதது. அழாதையடா டினோ என்றார்.

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. நுளம்பைத்தான் எடுத்திருப்பார். அது மலேரியாக் காலம், ஐயா. நுளம்புக்குக் குறைவில்லை.